வேலை செய்துகொண்டே கட்டடக்கலைஞர் ஆகலாமா?

கடந்த ஆகஸ்ட் விடுமுறையில் என் வாப்பா சண்டிலிப்பாயில் ஒரு மாடிவீட்டு வேலையில் நின்றார். வாப்பா மேசன். மானிப்பாய் தாண்டிப் போகும் பஸ்ஸில் ஏறி அவருக்கு மதியச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுப்பது அந்த விடுமுறையில் என் பொறுப்பாக இருந்தது. வீட்டுக்காரர் லண்டனில் இருக்கிறார். எண்பது வயதை நெருங்கிய அவருடைய தாயார், வளவின் பின்பக்கத்திலுள்ள பழைய நாற்சார் வீட்டில் தனியாக இருந்தார். நாங்கள் அவரை ஆச்சி என்போம். புது வீடு அவருக்காகவும், பிள்ளைகள் வந்தால் தங்குவதற்காகவும் எழும்பிக்கொண்டிருந்தது.

ஒரு நாள் நான் போனபோது வேலை நின்றிருந்தது. மாடிப்படிக்குப் பலகை அடிக்க வேண்டிய ஓடாவி வேப்பமர நிழலில் படுத்திருந்தார். வாப்பா வீட்டுப் படத்தை நிலத்தில் விரித்து, மூலைகளில் கல்லை வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிரச்சினை இதுதான். கீழ்த்தளத்திலிருந்து மேல்தளத்துக்கு உயரம் 11 அடி, அதாவது 132 அங்குலம். படத்தில் 16 படிகள் கீறப்பட்டிருந்தன. 132ஐ 16ஆல் பிரித்தால் ஒரு படியின் உயரம் எட்டேகால் அங்குலம். வீட்டுப் படி ஒன்று ஆறரை, ஏழு அங்குலத்துக்குள் இருந்தால்தான் கால் நோகாமல் ஏறலாம். எட்டேகால் அங்குலம் என்பது இளம்பிள்ளைகளுக்கே மூச்சு வாங்கும் உயரம். “ஆச்சி இதில எப்படி ஏறுவா?” என்றார் வாப்பா. படத்தைக் கீறியவர் ஆச்சியைக் கண்டதில்லை. அந்தக் காணிக்கும் அவர் வந்ததில்லை என்று பிறகு அறிந்தோம்.

படியைக் கூட்டினால் என்ன என்று நீங்கள் கேட்கலாம். நானும் அதைத்தான் கேட்டேன். 20 படி வைத்தால் ஒவ்வொன்றும் 6.6 அங்குலம், நல்ல உயரம். ஆனால் ஒவ்வொரு படிக்கும் கால் வைக்க 10 அங்குலம் நீளமும் வேண்டும். மேல் படி மாடித்தளத்தோடு சேர்ந்துவிடுவதால், 16 படிக்கு 15 மிதிகள், 150 அங்குலம். 20 படிக்கு 19 மிதிகள், 190 அங்குலம். மூன்றடி நாலு அங்குலம் கூடுகிறது. அவ்வளவும் நீட்டினால் படியின் கீழ்முனை குசினிக் கதவை அடைத்துவிடும். உயர்தரத்தில் எத்தனையோ கணக்குச் செய்திருக்கிறேன். ஒரு கணக்கின் விடை போய் ஒரு கதவில் இடிப்பதை அன்றுதான் கண்டேன்.

அந்த நேரத்தில்தான் ஆச்சியின் பேத்தி வந்தார். லண்டனிலிருந்து மூன்று கிழமை லீவில் வந்திருந்தவர், வயது இருபத்தொன்று. கையில் ஒரு சின்னக் கொப்பியும் பென்சிலும். “அங்கிள், ரேப்பைக் கொஞ்சம் தாங்கோ” என்றார். ரேப்பின் மறுமுனையை என்னிடம் நீட்டினார். அடுத்த ஒரு மணித்தியாலம் நான் சொன்ன அளவுகளை அவர் எழுதினார், வாப்பா சரிபார்த்தார். நேரே ஏறும் படியை இடையில் திருப்புவது என்று இருவரும் முடிவுக்கு வந்தார்கள். பத்துப் படி ஏறினால் ஒரு தட்டு, அங்கே திரும்பி மீண்டும் பத்துப் படி. ஒன்பது மிதிக்கு 90 அங்குலமும் தட்டுக்கு 36 அங்குலமுமாக நீளம் பத்தரை அடிக்குள் அடங்கிவிடும். அகலம் இரண்டு மடங்காகும்; அதைப் பக்கத்திலுள்ள சாமான் அறையிலிருந்து எடுக்கலாம். “இடையில ஆச்சி நிண்டு மூச்சு விடலாம்” என்றார் அந்த அக்கா. “சரி மகள், ஆனா சாமான் அறை சுருங்கிறதை உங்கட அப்பாவிட்ட நீங்கதான் சொல்லவேணும்” என்றார் வாப்பா. அன்றிரவே லண்டனுக்குப் படம் போனது.

நீங்கள் ஆர்க்கிடெக்டா என்று அந்த அக்காவிடம் கேட்டேன். “இன்னும் இல்லை, நான் அப்ரென்டிஸ்” என்றார். அப்ரென்டிஸ் என்றால் கையாள், தொழில் பயிலுபவர். பல்கலைக்கழகத்தில் படிக்கவில்லையா என்றால், படிக்கிறேன் என்கிறார். சம்பளம் வருகிறதா என்றால், வருகிறது என்கிறார். எனக்குக் குழம்பிவிட்டது. அந்தக் குழப்பம் தீர நான் கேட்டும் தேடியும் அறிந்துகொண்டதுதான் இக்கட்டுரை. கட்டடக்கலை படிக்க ஆசைப்படும் மாணவிகளுக்கும், அவர்களை அனுப்பலாமா என்று யோசிக்கும் பெற்றோருக்கும் இது பயன்படும் என்று நம்புகிறேன்.

கட்டடக்கலைஞர் ஆவது நீண்ட பயணம். இங்கிலாந்தில் வழக்கமான ஒழுங்கு இப்படி இருந்துவருகிறது: முதலில் மூன்றாண்டுப் பட்டம், பிறகு ஓராண்டு அலுவலக வேலை, பிறகு இரண்டாண்டு மேற்படிப்பு, பிறகு மீண்டும் அனுபவமும் கடைசித் தொழிற்பரீட்சையும். எவ்வளவு விரைந்தாலும் ஏழு ஆண்டுகள். 2025இல் தொடங்கிய கல்வியாண்டில் அங்குள்ள மாணவர் ஒருவர் ஆண்டுக்கு 9,535 பவுண் வரை கட்டணம் செலுத்த வேண்டியிருந்தது. அதற்கு மேல் தங்குமிடம், சாப்பாடு, மாதிரியுரு செய்யும் அட்டை, பசை, அச்சுச் செலவு. வசதியான வீட்டுப் பிள்ளைகளின் தொழில் இது என்ற பேச்சு அங்கும் இருக்கிறது.

இதற்கு ஒரு மாற்றாகத்தான் ‘டிகிரி அப்ரென்டிஸ்ஷிப்’ என்ற பட்டத் தொழிற்பயில்வு வந்தது. 2018இல் கட்டடக்கலைக்கும் இது அங்கீகரிக்கப்பட்டது. நோர்மன் பொஸ்டரின் நிறுவனம் போன்ற பெரிய நிறுவனங்கள் முன்னின்று இதை வகுத்தன. இரண்டு கட்டங்கள் உண்டு. ஆறாம் மட்டத்தில் கட்டடக்கலை உதவியாளர்; பட்டப்படிப்புக்குச் சமமானது. ஏழாம் மட்டத்தில் கட்டடக்கலைஞர். இதை முடிப்பவர் பதிவுபெறத் தகுதி அடைகிறார். ஒவ்வொன்றும் ஏறத்தாழ நான்கு ஆண்டுகள். கிழமையில் நான்கு நாள் அலுவலகத்தில் சம்பளத்துக்கு வேலை, ஒரு நாள் பல்கலைக்கழகம் என்பது பொதுவான ஒழுங்கு. படிப்புக் கட்டணம் மாணவருடைய தலையில் விழுவதில்லை. ஆண்டுச் சம்பளச் செலவு 30 லட்சம் பவுணுக்கு மேற்பட்ட நிறுவனங்களிடமிருந்து 2017 முதல் அறவிடப்படும் பயிலுநர் வரி இதற்குப் போகிறது.

கேட்பதற்கு இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் அக்கா சொன்ன மற்றப் பக்கத்தையும் எழுதாவிட்டால் நான் விளம்பரம் எழுதியதாகிவிடும். அவருக்குச் சனி, ஞாயிறு கிடையாது. அலுவலகத்தில் நாள் முழுவதும் வேறொருவருடைய கழிவறைக்கு ஓடு எப்படிப் பதிப்பது என்று கீறிவிட்டு, இரவில் பல்கலைக்கழகத்துக்காக ஒரு நூலகத்தைக் கற்பனை செய்ய வேண்டும். இரண்டு எசமானர்கள். வேலை தந்த நிறுவனம் நொடித்தால் படிப்பும் ஆட்டம் காணும். இன்னொன்று அவர் சொல்லும்போது முகம் மாறியது. 2026 ஜனவரியிலிருந்து ஏழாம் மட்டத்துக்கான அரச நிதி, தொடங்கும்போது 16 முதல் 21 வயது வரை உள்ளவர்களுக்கு மட்டுமே என்று இங்கிலாந்து அரசு சுருக்கிவிட்டது. மிகச் சில விதிவிலக்குகளே உண்டு. பதினெட்டு வயதில் ஆறாம் மட்டத்தில் சேர்ந்தவர் அதை முடிக்கும்போது வயது இருபத்திரண்டு. கணக்கைப் போட்டுப் பாருங்கள். பாதிப் படியில் ஏணியை எடுத்ததுபோல் இருக்கிறது. இனி அவருடைய நிறுவனம் தன் கைப்பணத்தைப் போட மனம் வைத்தால்தான் அவர் இதே வழியில் மேலே போகலாம்; அல்லது தானே கட்டணம் கட்டிப் படிக்க வேண்டும்.

வெளிநாட்டுக் கனவோடு இருக்கும் தோழிகளுக்கு ஒரு சொல். இத்திட்டம் அங்கே வாழும் உரிமையும் வேலை செய்யும் உரிமையும் உள்ளவர்களுக்கானது. இங்கிருந்து மாணவர் வீசாவில் போய் இதில் சேர முடியாது. யாராவது முகவர் சேர்த்துவிடுகிறேன் என்று காசு கேட்டால், வீட்டில் சொல்லுங்கள்.

அப்படியென்றால் இதை ஏன் நாம் அறிய வேண்டும்? நான் சண்டிலிப்பாயில் கண்ட அந்த ஒரு மணித்தியாலத்தில்தான் அதற்கு விடை இருக்கிறது என்று நினைக்கிறேன். வாப்பாவுக்குப் படி உயரம் தெரியும். ஆனால் அவர் ஒரு படத்தில் கையெழுத்திட முடியாது. படம் கீறியவருக்குக் கணினி தெரியும். ஆனால் ஆச்சியின் முழங்காலைத் தெரியாது. இரண்டையும் ஒருவருக்குள் கொண்டுவர முயல்கிறது இந்த முறை. பல்கலைக்கழகம் கிடைக்காதவர்களுக்கான இரண்டாந்தர வழி என்று நம்மவர்கள் இதைக் கேட்டவுடன் முகம் சுளிக்கிறார்கள். உண்மையில் கட்டடக்கலையில் இதுதான் பழைய வழி. பல்கலைக்கழகம்தான் பிறகு வந்தது.

உஸ்மானியப் பேரரசின் தலைமைக் கட்டடக்கலைஞராக 1539 அளவில் நியமிக்கப்பட்ட மிமார் சினானை எடுத்துக்கொள்வோம். அவர் எந்தக் கட்டடக்கலைக் கல்லூரியிலும் படித்தவரல்லர். தச்சுவேலை பழகி, படையோடு போய்ப் பாலமும் கோட்டையும் கட்டிக் கற்றவர். இஸ்தான்புல்லில் 1548இல் முடிந்த ஷெஹ்ஸாதே பள்ளிவாசலைத் தன் பயிலுநர் வேலை என்றும், 1557இல் முடிந்த சுலைமானியாவைத் தேறிய தொழிலாளியின் வேலை என்றும், எடிர்னேயில் எண்பது வயதையொட்டிக் கட்டிய செலிமியாவையே ஆசானின் வேலை என்றும் அவர் கூறியதாகச் சொல்வார்கள். ஷெஹ்ஸாதேயின் படத்தைப் பாருங்கள். அதைப் ‘பழகும்போது கட்டியது’ என்று சொல்ல எவ்வளவு துணிவு வேண்டும்!

அவ்வளவு தூரம் போகவும் தேவையில்லை. நமது நாட்டிலேயே மினெட் டி சில்வா இருக்கிறார். 1918இல் கண்டியில் பிறந்தவர். கட்டடக்கலை கற்க அன்றைய இலங்கையில் இடமில்லை. தந்தை அரசியல்வாதி, மகள் இத்தொழிலுக்குப் போவதை முதலில் அவர் விரும்பவில்லை. மினெட் பம்பாய்க்குப் போய் மிஸ்திரி அண்ட் பெத்வார் என்ற நிறுவனத்தில் பயிலுநராகச் சேர்ந்தார். அங்கே பெரின் மிஸ்திரி என்ற பெண் கட்டடக்கலைஞரோடு பழக்கமானார். பிறகு ஜே. ஜே. கலைக்கல்லூரியில் படித்தார். 1942இல் காந்தி கைதானபோது நடந்த மாணவர் வேலைநிறுத்தத்தில் கலந்துகொண்டதற்காக மன்னிப்புக் கேட்க மறுத்ததால் கல்லூரியிலிருந்து நீக்கப்பட்டார். பலருக்கு அத்தோடு கதை முடிந்திருக்கும். அவருக்குக் கைத்தொழில் இருந்தது. மைசூர் பக்கம் போய் ஒட்டோ கொனிக்ஸ்பேர்கர் என்ற கட்டடக்கலைஞரிடம் வேலை செய்தார். அங்கிருந்து லண்டன் போய் ஏ.ஏ. கல்லூரியில் படிப்பை முடித்தார். 1948இல் பிரித்தானிய அரச கட்டடக்கலைஞர் நிறுவனத்தின் இணை உறுப்பினராகத் தெரிவானார். ஆசியப் பெண்களில் அவரே முதல்வர்.

திரும்பி வந்து கண்டியில் அவர் கட்டிய முதல் வீடு கருணாரத்ன இல்லம். மலைச் சரிவை வெட்டிச் சமப்படுத்தாமல் சரிவோடு இறங்கும்படி அமைத்தார். தும்பறைப் பாய் நெசவாளரையும் அரக்கு வேலைக்காரரையும் களிமண் ஓடு செய்பவரையும் அந்த வேலைக்குள் கொண்டுவந்தார். 1950களின் பிற்பகுதியில் கண்டி வத்தப்புளுவவில் அரச ஊழியர்களுக்கான வீட்டுத்திட்டத்தை அமைத்தபோது, குடிவரப் போகிறவர்களிடம் முன்கூட்டியே கேள்விக்கொத்துக் கொடுத்து, எப்படிச் சமைக்கிறீர்கள், எப்படி வாழ்கிறீர்கள் என்று கேட்டறிந்தார். பல இன, மதக் குடும்பங்கள் அங்கே குடியேறின. ஆச்சியின் படியைக் கீறியவர் ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் என்று எனக்கு அடிக்கடி தோன்றுகிறது. மினெட் டி சில்வாவுக்கு இலங்கைக் கட்டடக்கலைஞர் நிறுவனம் 1996இல் தங்கப்பதக்கம் வழங்கியது. 1998இல் அவர் காலமானார். நமது பாடப்புத்தகங்களில் நான் அவர் பெயரைக் கண்டதில்லை.

ஜெப்ரி பாவாவை எல்லோருக்கும் தெரியும். கோட்டை நாடாளுமன்றத்தைக் கட்டியவர். அவருடைய தந்தைவழிப் பாட்டனார் ஒரு முஸ்லிம் என்பது சிலருக்குத் தெரியாது. பாவா முதலில் சட்டத்தரணி. 1951இல், முப்பது வயது கடந்த பிறகு, கொழும்பிலிருந்த எட்வர்ட்ஸ், ரீட் அண்ட் பெக் நிறுவனத்தில் பயிலுநராகச் சேர்ந்தார். அதன் பின்னர்தான் லண்டனுக்குப் படிக்கப் போனார். 1957இல் தகுதி பெற்றபோது வயது முப்பத்தெட்டு. அவருடைய வீடுகளின் நடுவே திறந்த முற்றம் இருக்கும். 1960களின் தொடக்கத்தில் ஈனா டி சில்வாவுக்குக் கட்டிய வீட்டைப் படத்தில் பார்த்தபோது, ஆச்சியின் நாற்சார் வீடுதான் நினைவுக்கு வந்தது. நடுவில் வானம், சுற்றிவர விறாந்தை, மழைத்தண்ணீர் முற்றத்தில் விழும் சத்தம். சண்டிலிப்பாயில் அதை இடித்துவிட்டுக் கல்லையும் பனைமரச் சிலாகையையும் விற்கலாமா என்று அயலவர் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

இனி நமக்குள்ள வழிகளுக்கு வருவோம். இலங்கையில் கட்டடக்கலைஞர் என்ற பெயரைப் பயன்படுத்தச் சட்டப்படி பதிவு வேண்டும். மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தின் ஐந்தாண்டுப் பட்டம் முதன்மையான வழி. அரச பல்கலைக்கழகம் என்பதால் படிப்புக் கட்டணம் இல்லை. இதற்கு வெட்டுப்புள்ளி மட்டும் போதாது. தனியாக விண்ணப்பித்து உளச்சார்புப் பரீட்சையிலும் சித்தியடைய வேண்டும். பலர் நினைப்பதுபோல் இது கணிதப் பிரிவினருக்கு மட்டும் உரியதன்று. உரிய பாடச்சேர்க்கை இருந்தால் வேறு பிரிவு மாணவிகளும் விண்ணப்பிக்கலாம். எந்தப் பாடங்கள் என்பது பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைநூலில் இருக்கிறது. உயர்தரத்துக்குப் பாடம் தெரிவுசெய்யும் முன்னரே, பதினோராம் ஆண்டில், அதை வாசிப்பது நல்லது. நான் வாசித்தபோது ஏற்கெனவே பிந்திவிட்டது. நல்லவேளை, என் பாடங்கள் பொருந்தின.

வேலை செய்துகொண்டே படிக்கும் வழியும் நம் நாட்டில் உண்டு. இலங்கைக் கட்டடக்கலைஞர் நிறுவனத்தோடு தொடர்புடைய சிட்டி ஸ்கூல் ஒப் ஆர்க்கிடெக்சர் என்ற கல்லூரி கொழும்பில் இருக்கிறது. பட்டயம் பெற்ற கட்டடக்கலைஞர் ஒருவரின் அலுவலகத்தில் வேலை பழகிக்கொண்டே வகுப்புக்கும் போவது அதன் வழக்கம். இங்கிலாந்துக்காரர் 2018இல் புதிதாகப் பெயர் சூட்டிய ஒன்று, வேறு உருவில், நம் நாட்டில் அதற்கு முன்பே நடந்துகொண்டிருந்தது. வேறுபாடு கட்டணத்தில். இங்கே பயிலுநர் வரி என்று ஒன்றில்லை. மாணவிதான் கட்ட வேண்டும். பயிலும் அலுவலகம் தரும் கொடுப்பனவு அதில் ஒரு பங்குக்கு உதவலாம். கட்டணமும் காலமும் மாறக்கூடியவை என்பதால் நேரே கேட்டு அறிவதே சரி.

படவரைஞர் பயிற்சி வேறு. தேசிய பயிலுநர் மற்றும் கைத்தொழிற் பயிற்சி அதிகாரசபை போன்ற அரச நிறுவனங்கள் ஊடாகத் தொழில் பயின்று என்.வி.கியூ. சான்றிதழ் பெறலாம். விரைவில் வேலை கிடைக்கும், கையில் தொழில் இருக்கும். ஆனால் அது கட்டடக்கலைஞர் என்ற பெயரைத் தராது. இந்த வேறுபாட்டை அறியாமல் சேர்ந்துவிட்டு ஏமாறக்கூடாது. அறிந்து சேர்ந்தால் அது நல்ல தொழில்.

இப்போது பெற்றோரின் கவலைக்கு வருகிறேன். என் உம்மாவின் கவலையைச் சொன்னால் எல்லா உம்மாமாரின் கவலையையும் சொன்னதுபோல. முதலாவது, ஆண்கள் நிற்கும் வேலைத்தளத்தில் ஒரு பெண்பிள்ளை சாரத்தில் ஏறி இறங்குவதா? இரண்டாவது, கொழும்பில் தனியாக இத்தனை ஆண்டா? மூன்றாவது, செலவு. நான்காவதை உம்மா வாய்விட்டுச் சொல்லவில்லை. முடிக்கும்போது வயது இருபத்தைந்து தாண்டிவிடும், அதுதான்.

முதலாவதற்கு நான் சொல்லக்கூடியது, வேலைத்தளத்துக்குப் போகாமல் நல்ல கட்டடக்கலைஞர் ஆக முடியாது என்பதே. பாகிஸ்தானின் முதல் பெண் கட்டடக்கலைஞர் எனப்படும் யாஸ்மீன் லாரி 1960களில் ஒக்ஸ்போர்ட்டில் படித்துவிட்டு நாடு திரும்பியவர். தொடக்கத்தில் வேலைத்தளத்துத் தொழிலாளர் அவருடைய அறிவைச் சோதித்துப் பார்த்தார்களாம். அவர் ஒதுங்கவில்லை. பிற்காலத்தில் நிலநடுக்கத்திலும் வெள்ளத்திலும் வீடிழந்த ஏழைகளுக்கு மூங்கிலாலும் மண்ணாலும் சுண்ணாம்பாலும் வீடமைக்கக் கற்றுக்கொடுத்தார். 2023இல் பிரித்தானிய அரச தங்கப்பதக்கம் அவருக்குக் கிடைத்தது. பங்களாதேஷைச் சேர்ந்த மரினா தபஸ்ஸும் டாக்காவில், தன் பாட்டியார் கொடுத்த காணியில், பைத்துர் ரவூஃப் பள்ளிவாசலைச் செங்கல்லால் கட்டினார். குவிமாடம் இல்லை, மினாரா இல்லை. கூரைத் துளைகளால் இறங்கும் ஒளிதான் அலங்காரம். 2016இல் ஆகா கான் விருது பெற்ற கட்டடம் அது. பாட்டியார் காணியைக் கொடுத்து, பேத்தியை நம்பிக் கட்டச் சொன்னார் என்பதை உம்மாவிடம் இரண்டு முறை வாசித்துக் காட்டினேன்.

இரண்டாவதும் மூன்றாவதும் எனக்கும் கவலைதான். யாழ்ப்பாணத்துப் பிள்ளைக்கு இந்தப் படிப்பில் உள்ள பெரிய தடை அறிவோ பணமோ மட்டுமல்ல, தூரமும். கல்லூரி தெற்கில், பயிற்சி தரும் பெரிய அலுவலகங்களும் பெரும்பாலும் தெற்கில். போரில் உடைந்த வீடுகள் வடக்கில். 1981இல் எரிக்கப்பட்ட யாழ்ப்பாணப் பொதுநூலகத்தின் மூலக் கட்டடத்தை வரைந்தவர் சென்னையிலிருந்து வந்த கே. எஸ். நரசிம்மன். அந்த நூலகம் சாம்பலிலிருந்து எழுவதைப் பற்றிப் புத்தகம் எழுதியவர் நம் மண்ணின் கட்டடக்கலைஞர் வி. எஸ். துரைராஜா. அப்படிப்பட்டவர்கள் இன்னும் பலர் இங்கே அலுவலகம் வைத்து, ஆளுக்கு ஒரு பிள்ளையையாவது பயிலுநராக எடுத்தால், நாலு நாள் இங்கே வேலையும் மிச்ச நாள் படிப்புமாக ஓர் ஒழுங்கு செய்ய முடியாதா? நான் பெரியவர்களுக்கு ஆலோசனை சொல்லும் வயதில் இல்லை. இருந்தாலும் கேட்டு வைக்கிறேன்.

வாப்பாவின் கதையையும் சொல்ல வேண்டும். 1990 ஒக்டோபர் 30ஆம் தேதி சோனகதெருவிலிருந்து எல்லோரோடும் வெளியேறியபோது அவருக்கு ஒன்பது வயது. புத்தளத்து முகாமில் வளர்ந்தார். பதினாறு வயதில் படிப்பை விட்டுவிட்டு ஒரு மூத்த மேசனுக்குக் கையாளாகப் போனார். மூன்று ஆண்டு சாந்து குழைத்த பிறகுதான் கரண்டி கைக்கு வந்ததாம். நாங்கள் திரும்பி வந்தபோது உம்மம்மாவின் வீட்டில் சுவர் மட்டும் நின்றது, நடுவில் ஆலங்கன்று. அந்த வீட்டை வாப்பாதான் எடுத்துக் கட்டினார். படம் எதுவும் இல்லை. உம்மம்மா நின்று, இங்கே கதவு இருந்தது, இங்கே யன்னல் இருந்தது என்று கையால் காட்டினாராம். அவரிடம் யாராவது ஒரு பட்டத்தையும் சேர்த்துக் கொடுத்திருந்தால் என்ன ஆகியிருப்பார் என்று நான் யோசிப்பதுண்டு. வாப்பாவிடம் கேட்டால், “எனக்கு அப்ப பசிதான் தெரியும்” என்பார்.

கட்டடக்கலையில் விருப்பமுள்ள தோழிகளே, பரீட்சை முடியும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஒரு ரேப்பும் கட்டக்கொப்பியும் எடுத்து உங்கள் வீட்டை அளந்து கீறிப் பாருங்கள். அக்கா எனக்குத் தந்த முதல் வேலையும் அதுதான். ஆச்சியின் நாற்சார் வீட்டை அளக்கச் சொன்னார். ஓரடிக்குக் கால் அங்குலம் என்ற அளவில் கீறினேன். முதற்படத்தில் நாலு சுவரும் மூடவில்லை. ஒரு மூலையில் ஒன்பது அங்குலம் இடைவெளி. பிழை என் அளவில் என்று நினைத்து மூன்று முறை திரும்ப அளந்தேன். கடைசியில் முற்றத்தின் மூலைக்கு மூலை அளக்கச் சொன்னார் வாப்பா. இரண்டு குறுக்களவும் ஒத்துவரவில்லை. வீடே மூலைமட்டத்தில் இல்லை! நூறு வருடத்துக்கு முன் கட்டிய யாரோ ஒருவர், ஒரு கிணற்றுக்காகவோ மரத்துக்காகவோ சுவரைச் சற்றே சாய்த்திருக்கிறார்.

அக்கா லண்டனுக்குப் போய்விட்டார். ஏழாம் மட்டத்துக்கு நிறுவனம் பணம் கட்டுமா என்று இன்னும் பதில் வரவில்லையாம். படிக்கட்டு மார்கழியில் முடிந்தது. ஆச்சி கைப்பிடியைப் பிடித்து ஏறி, இடைத்தட்டில் ஒரு கதிரை போடச் சொல்லி, அங்கேயே இருந்து தெருவைப் பார்க்கிறாராம். மேலே இன்னும் போகவில்லை.

உம்மா எனக்குச் சம்மதம் சொல்லவில்லை. போன கிழமை அவர் சாச்சியோடு போனில் கதைத்துக்கொண்டிருந்தார். வெள்ளவத்தையில் பெண்பிள்ளைகள் தங்கும் இடத்துக்கு மாதம் எவ்வளவு என்று அவர் கேட்டது குசினிக்குள் நின்ற எனக்குக் கேட்டது.